கோப்பில் எறும்பு

டாக்டர் பதிவுசெய்து அனுப்புவார், நான் தட்டச்சு செய்வேன்.
காதில் ஹெட்ஃபோன். அதையும் மீறி
ஆற்காடு ரோட்டு ஷேர் ஆட்டோக்களின் ஹாரன்.
இரு கைகளிலும் ஃபார்மிகேஷன், என்றது குரல்.
எம் அடிக்க வேண்டிய இடத்தில் என் அடித்துவிட்டேன்.
விசைப்பலகையில் இரண்டும் பக்கத்து வீடு.
சிவப்புக் கோடு விழவில்லை,
கணினிக்கு அந்தச் சொல்லும் தெரிந்திருந்தது.

எனக்கும்தான்.
ஞாயிறு பள்ளியில் அந்த வசனம் வரும்போதெல்லாம்
வேகமாக விழுங்கி ஒப்பித்த எப்சிபா நான்.

பேரணாம்பட்டு முனிரத்தினம், வயது நாற்பத்தேழு:
இரு கைகளிலும் வேசித்தனம்,
ஆறு மாதமாக, இரவில் அதிகம்.

டாக்டர் அதன்மேல் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல்
அகராதியைத் திறந்தேன்.

தோலின்மேல் எறும்பு ஊர்வதாகத் தோன்றுதல்.
ஃபார்மிகா, லத்தீனில், எறும்பு.
அவ்வளவுதான்.

கோப்பின் முதல் தாளில், பென்சிலில்,
அவர் வாயில் வந்தது வந்தபடியே
யாரோ ஒரு சிஸ்டர் குறித்திருந்தாள்:
ரெண்டு கைலயும் எறும்பு ஊர்றாப்புல கீது.

ரோமாபுரி வரைக்கும் போய்
இதைத்தான் வாங்கிவந்திருக்கிறார்கள்.

அகராதியில் கொஞ்சம் மேலே ஃபார்மிக் அமிலம்.
செவ்வெறும்புகளைக் காய்ச்சி வடித்து
முதலில் எடுத்தார்களாம்.
தோல் பதனிட உதவும், என்று முடிந்தது அந்த வரி.
மறுபடி கோப்பைப் பார்த்தேன்.
தொழில்: தோல் ஷெட், டிரம் வேலை, பத்தொன்பது வருடம்.
கையுறை: கோடு.

வியாழக்கிழமை சீட்டு வாங்க ஜன்னலுக்கு வந்தார்.
இன்னாம்மா எழுதிக்கிது இதுல?
எறும்புன்னு எழுதியிருக்கு.
சிரித்தார். நல்ல பல் வரிசை.

எங்க ஷெட்டுல எறும்பே வராதும்மா.
உப்பு, சுண்ணாம்பு, அந்த நீலக் கேன் ஆசிட்டு...
சக்கரைய கொட்டி வச்சாலும் ஒண்ணு எட்டிப் பாக்காது.

அந்தக் கேன்மேல் என்ன எழுதியிருக்கும் என்று
கேட்க வாயெடுத்தேன்.
இருநூற்றுப் பதினான்கு, என்று கூப்பிட்டார்கள்.
அவர் நம்பர்தான்.

சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு
இரண்டு கையையும் ஒருமுறை நன்றாக உதறிவிட்டு
உள்ளே போனார்.