ஒரு ரூபாய் மீதி

டீசல், ஐஸ், வலைக்கடன் எல்லாம் கழித்துக்
கையில் நின்றது
ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது.
முதுநகர்த் துறைமுகத்தில் பதினொரு வருடமாகக் கணக்கெழுதுகிறேன்,
இத்தனை பணிவான எண்ணை எழுதியதில்லை.

பதினாறு பங்கா? ஆளுக்கு நாற்பத்தைந்தாயிரத்து நாற்பத்தைந்து.
சித்திரைவேல் கையொடிந்து ஜிப்மரில் கிடக்கிறான்,
கடலுக்கு வராதவனுக்கு ஏது பங்கு என்றார்கள் பாதிப்பேர்.
சரி, பதினைந்து: நாற்பத்தெட்டாயிரத்து நாற்பத்தெட்டு.
காய்ச்சலில் பாதியில் கரையேறிய நாகூரானையும் விட்டால்
ஐம்பத்தோராயிரத்து நானூற்று எண்பது.
பைசா பிசகவில்லை.
ஒன்றிலிருந்து பதினாறு வரை எவன் கேட்டாலும்
தலையாட்டுகிற எண்.
எல்லோருக்கும் ஆமாம் போடுகிறவனைப்
பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டு என்ன பயன்?

அப்போதுதான் கலியமூர்த்தி,
கானாங்கெளுத்தி மொத்தத்தையும் எடுத்த வியாபாரி,
மொய் வைப்பதுபோல ஒரு ரூபாய் நாணயத்தை
நோட்டுக்கட்டின் மேல் வைத்தார்.
"பூஜ்ஜியத்துல முடிஞ்சா ராசியில்ல."

போச்சு.
இரண்டால் வகுத்தால் ஒன்று மீதி.
ஒன்பதால், ஒன்று. பதிமூன்றால், ஒன்று.
பதினாறு வரை எந்தக் கதவைத் தட்டினாலும்
அதே ஒற்றை ரூபாய் வந்து திறக்கிறது.

ராத்திரி ஐஸ் பிளான்ட் இரைச்சலில் தூக்கமில்லை.
ஏல ரசீதின் பின்பக்கம் வகுத்துக்கொண்டே போனேன்.
பதினேழு: ஆறு மீதி. பத்தொன்பது: பதிமூன்று.
முப்பத்தொன்றில் இரண்டு வரை வந்து நழுவியது.
நாற்பத்து மூன்றில் நாற்பத்தொன்று,
வேண்டுமென்றே செய்கிற மாதிரி.
உப்பனாற்றில் நீர் வற்றிப் படகுகள் ஒருபக்கம் சாய்ந்திருந்தன.
அறுபத்தேழு. மறுபடி இரண்டு.
பகா எண்தான், விடு என்று ரசீதை மடிக்கப்போனவள்
எழுபத்தொன்றையும் பார்த்துவிட்டேன்.

மீதி இல்லை.

எழுபத்தொரு பேருக்கு
ஆளுக்குப் பத்தாயிரத்து நூற்று ஐம்பத்தொன்று.
அதையும் உடைக்கலாமா என்று
தொண்ணூற்றேழு வரை போனேன். அசையவில்லை.

காலையில் சொன்னேன்.
"எழுவத்தோரு பேர் ஏறினா
போட்டு முகத்துவாரத்துலயே முழுகிடும்க்கா!"
சிரிப்புக்கு நடுவே யாரோ
"பதினாறாவே போடுங்க" என்றார்கள்.
யாரென்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பதினாறு முறை எழுதினேன்
நாற்பத்தைந்தாயிரத்து நாற்பத்தைந்து.
நாணயம் எவர் கணக்கிலும் இல்லை.
ஜிப்மருக்குப் போன கவர் மட்டும்
பஸ்ஸில் லேசாகக் கிலுங்கியதாம்.
பேரேட்டில்
இன்னமும் ஒரு ரூபாய் இடிக்கிறது.