பதினைந்து வாட்

அந்த எண்ணை எழுதியது நான்தான்.
தாவோயுவானில், நான்காம் மாடியில்,
ஜன்னல் திறக்காத ஓர் அறையில்,
ஒரு செவ்வாய்க்கிழமை மாலை.

சில்லு இருபத்தெட்டு வாட் தாங்கும்.
சோதித்தவளும் நானே.
மூன்று இரவுகள் வெப்ப அறையில் வைத்து
விரட்டி விரட்டிப் பார்த்தேன்.
மூச்சிரைத்ததே தவிர
ஒருமுறைகூடக் கால் இடறவில்லை.

லியாவ் சொன்னார்:
"அலுவலகங்களுக்குப் போகிற பெட்டி இது.
ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள் வேகம் கேட்பதில்லை.
விசிறி இரைந்தால்தான் கடிதம் போடுவார்கள்.
தவிர,
இதுவே இந்த ஓட்டம் ஓடினால்
மேலே உள்ள மாடலை யார் வாங்குவார்?"

அந்தத் 'தவிர'
கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

முதல் இருபத்தெட்டு நொடி முழு வேகம்.
வாங்க வந்தவர் மூடியைத் திறந்து
அடடா என்று சொல்லி
மூடிவைக்க அது போதும்.
அதற்குப் பிறகு பதினைந்து.
பூட்டிச் சாவியை
எங்கள் பக்கம் வைத்துக்கொண்டோம்.

அந்த வருட போனஸில்
ஷாவ்-லுன் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கினான்.
நாங்கள் இருந்த வீட்டில் சுவரெல்லாம் வியர்க்கும்.

*

இரண்டு வருடம் கழித்து
குடும்பப் பதிவு அலுவலகத்தில்
எங்கள் டோக்கன் நூற்றுநாற்பத்தேழு.
சாட்சிகள் முந்தின நாளே கையெழுத்திட்டிருந்தார்கள்.
எங்கள் ஊரில் விவாகரத்து என்பது
ஒரு படிவம், ஆளுக்கொரு புகைப்படம்,
புது அடையாள அட்டை.
அட்டையின் பின்பக்கம் 'துணை' என்றொரு கட்டம்,
அதைக் காலியாக அச்சிட்டுத் தருவார்கள்.

கவுண்டரில் பெயர்ப்பலகை: ஷி பெய்-ருங்.
அவள் முன்னால் என் பெட்டி.
மூடியின் ஓரத்து வளைவைப் பார்த்ததுமே
தெரிந்துவிட்டது.
படிவத்தை ஏற்றினாள். வட்டம் சுழன்றது.
என்னையறியாமல் எண்ணத் தொடங்கினேன்.
இருபத்தாறு.
இருபத்தேழு.
சொன்ன சொல் தவறாத பெட்டி,
இருபத்தெட்டில் மூச்சை அடக்கிக்கொண்டது.

"மன்னிக்க வேண்டும்" என்றாள் பெய்-ருங்,
தன் குற்றம்போல.
"பழைய மெஷின்."
போன கோடையில் வந்தது அது.
எங்களுக்குப் பின்னால் நூற்றுநாற்பத்தெட்டு இருமினார்.
அவள் அவருக்கும் சேர்த்துத் தலை குனிந்தாள்.
நான் வாயைத் திறக்கவில்லை.

ஷாவ்-லுன் பக்கவாட்டில் சாய்ந்து
வீட்டில் பேசும் தைவானிய மொழியில் கேட்டான்:
"உன்னுடையதா?"
"ம்."
"எவ்வளவு பிடித்துவைத்தாய்?"
"பாதிக்குக் கொஞ்சம் குறைவு."

அவன் சிரித்தான்,
பதினான்கு மாதத்தில் முதல் தடவை.
எனக்கும் அடக்க முடியவில்லை.
பெய்-ருங் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.
வந்திருப்பது என்ன படிவம் என்று
மறுபடி ஒருமுறை சரிபார்த்தாள்.

பதினொரு நிமிடம்.
அதில் அவன் கேட்டது,
மின்கட்டணம் இனி யார் பெயரில்.
நான் சொன்னது,
உறிஞ்சும் இயந்திரத்தை நீயே வைத்துக்கொள்,
மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவு.
வேறு ஏதாவது பேசியிருக்கலாம்.
நேரம் இருந்தது,
நான் ஒதுக்கிக் கொடுத்திருந்த நேரம்.

அட்டைகள் வந்தன,
தொட்டால் இன்னும் சூடு.

*

இன்று காலை
ஒரு நாளைக்கு எத்தனை டோக்கன்
எத்தனை கவுண்டர் என்று
பெருக்கத் தொடங்கி
நடுவில் விட்டுவிட்டேன்.
புது மாடலின் அட்டவணை திறந்திருக்கிறது.
லியாவ் கேட்டிருக்கிறார்:
"பன்னிரண்டு போதுமா?"

மேசைக்கடியில் என் சொந்தப் பெட்டி
ஊரைக் கூட்டுவதுபோல் இரைகிறது.
எங்கள் மாடியில்
யாருடையதற்கும் வரம்பு கிடையாது.