இதர விலங்குப் பொருள்கள்

அறுபத்தாறில் பூசான் சுங்கத்தில் நான் சேர்ந்தபோது
வெளியே போவதை எழுதும் பக்கம் சின்னது.
காய்ந்த கணவாய், டங்ஸ்டன் தாது, கச்சாப் பட்டு,
அப்புறம் தலைமுடி.
கிலோ கணக்கில்.

தலைமுடிக்கென்று தனி வரி கிடையாது அப்போது.
"இதர விலங்குப் பொருள்கள் என்று போடு" என்றார்
மேலதிகாரி நம்குங்.
பன்றி மயிருக்குக் கீழே, எலும்புத் தூளுக்கு மேலே
போட்டேன்.
கையெழுத்து அழகாக இருந்ததால் கிடைத்த வேலை அது.

உள்ளே வருவதற்குப் பக்கம் போதாது:
கோதுமை, உரம், மண்ணெண்ணெய், ஊசி.
ஆமாம், ஊசி.
எங்கள் பெண்களின் முடியை விக்காகக் கோக்க
ஊசியும் கடல் தாண்டித்தான் வந்தது.

அந்த ஊசியின் இன்னொரு முனையில்
ஒக்புன் இருந்தாள், சியோலில், கூரோ தொழிற்பேட்டையில்.
எனக்கு அவளை அப்போது தெரியாது.
தன் பின்னலை விற்று ரயில் டிக்கெட் எடுத்து வந்தவள்.
வகிட்டில் மட்டும் இரட்டை முடிச்சு;
தப்பினால் கூலியில் பிடிப்பார்கள்.

ஏழு சதவீத வளர்ச்சி என்றது வானொலி.
ஏழு என்றால் பத்து வருஷத்தில் இரட்டிப்பு,
புதிதாய்ச் சேர்ந்த பையன் தாளில் போட்டுக் காட்டினான்.
யாரும் பேசவில்லை.
வாடகையைத் தவிர வேறெதுவும்
இரட்டிப்பாகிப் பார்த்ததில்லை நாங்கள்.

பிறகு ஒட்டுப்பலகை. செருப்பு. டெலிவிஷன் பெட்டி.
ஒரு முழுக் கப்பலை ஒரே வரியில் எழுதிய அன்று
பேனாவை மூடிவிட்டு ஜன்னலுக்குப் போனேன்,
அவ்வளவு பெரிசு
எடைக் கட்டத்துக்குள் எப்படி அடங்கியதென்று பார்க்க.
கடைசி வருஷங்களில் சிலிக்கான் சில்லுகள்.
எடைக் கட்டம் காலி போல இருக்கும்,
விலை அடுத்த கட்டத்துக்குள் வழியும்.

விக் எந்த வருஷம்
அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்தது?
நான்தான் எழுதியிருப்பேன்.
ஞாபகம் இல்லை.

போன மாதம் ஒக்புனுக்கு மூன்றாவது கீமோ.
மகள் ஒரு விக் வாங்கி வந்தாள்,
நல்ல கடை, பட்டுத் தாள் சுற்றி.
அவள் கண்ணாடியைத் தேடவில்லை.
உட்புறம் திருப்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி,
வகிட்டை விரலால் தடவினாள்.

"இரட்டை முடிச்சு. எங்களைவிட நெருக்கம்."
சிட்டையை என்னிடம் நீட்டினாள், எழுத்து பொடி.
வங்கதேசம், நீல்பாமாரி, என்று வாசித்தேன்.
"கூலி என்ன கொடுப்பான்?"
தெரியாது என்றேன்.
"ஊசி எங்கேயிருந்து போகும் அவளுக்கு?"

அது எனக்குத் தெரியும்.
ஓய்வு பெற்ற வருஷம், வெளியே போகும் பக்கத்தில்,
கப்பலுக்கும் சில்லுக்கும் நடுவே ஒரு வரி:
ஊசி, நாலு பெட்டி, சிட்டகாங்.
"இங்கேயிருந்துதான்" என்றேன்.

அவள் விக்கை மடியில் வைத்துக்கொண்டு
காதோரத்திலிருந்து
முடிச்சுகளை எண்ணத் தொடங்கினாள்.
சாப்பிடக் கூப்பிட்டபோது,
இருங்கள், விட்டுப்போகும், என்றாள்.