புதன்கிழமை வரும்

இரண்டாம் குறுக்குத் தெருவில் எங்கள் கடைக்கு
முந்நூற்றுப் பன்னிரண்டு லாச்சிகள்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும்
உள்ளே கிடப்பதில் ஒன்று
நூலில் கட்டித் தொங்கும்.
எந்தப் பொத்தானைக் கேட்டாலும் இருக்கும் என்பது
மாமனார் காலத்துப் பெருமை.
பெருமைக்கு இப்போது வாடகை
மாதம் ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

மே மாதம், அடை மழை.
மல்வத்தை வீதி முழங்காலளவு தண்ணீரில்.
கறண்டும் இல்லை, கடையில் ஒரு குருவியும் இல்லை.
நானும் ஜெசீமாவும் தரையில் இருந்து
ஒரு வருடத்து பில் கொப்பிகளைப் புரட்டினோம்.
ஐயாயிரம் ரூபாய் விற்ற லாச்சிக்கு
உடைந்த பொத்தான் ஒன்று,
அதன் விளிம்பில் வை.
இன்னொரு ஐயாயிரமா, இன்னொன்று வை.

நாலு மணிக்குள்
பதினொரு லாச்சிகளில் குவியல் சரிந்து விழுந்தது.
மிச்ச முந்நூற்றொன்றில்
அங்கொன்று இங்கொன்று,
பல் விழுந்த வாய்கள் போல.

பள்ளிக்கூடச் சட்டைக்கு நாலு துளை வெள்ளை,
அது மட்டும் மூன்றில் ஒரு பங்கு.
அதை நாங்கள் வைத்திருந்த இடம்
ஆக மேல் வரிசை.
நிறவாரியாக அடுக்கினார்களாம், வெள்ளையில் தொடங்கி.
இருபது வருடமாய் வீட்டு வாடகையையும்
பிள்ளையின் டியூஷனையும்
ஏணி வைத்து ஏறி
எடுத்து வந்திருக்கிறேன்.

எங்கள் ஆட்கள் கல்லாவிலிருந்து
இல்லை என்று சொல்லமாட்டார்கள்.
விளக்கை அணைக்கமாட்டார்கள், குளிர வைப்பார்கள்.
அரிசி தீர்ந்த பானை நிறைந்திருக்கும்.
கேட்ட சரக்கு தீர்ந்திருந்தால்
புதன்கிழமை வரும்.
எத்தனை புதன்கிழமைகள்
இந்தத் தெருவுக்கு வராமலே போயின.

வாழைத்தோட்டத்திலிருந்து ஒருவர் வந்து
கிலோக் கணக்கில் எடுத்துப்போனார்.
நூற்றுப் பதினாறு கிலோ.
நாட்டாமி வண்டி இரண்டு நடை.
சாக்குக்குள் அவை உரசிய சத்தம்
மழைபோல இருந்தது என்று எழுதலாம்.
எனக்குக் கேட்டது
பழைய கடன் எண்ணும் சத்தம்.

அடுத்த நாள் கந்தானையிலிருந்து ஒரு பெண்,
கையில் ஒரு கோட்,
ஆமையோட்டு நிறத்தில் ஒரு பொத்தான் குறைகிறதாம்.
ஏழாம் வரிசை, இடமிருந்து மூன்றாவது.
கை தானாகவே எழுந்தது, இறக்கினேன்.
இல்லை, என்றேன்.
அவளுக்கு விளங்கட்டும் என்று சிங்களத்திலும் சொன்னேன்.
அவள் கோபிக்கவில்லை.
சரி என்று பக்கத்துக் கடைக்குப் போனாள்.
கூரை அப்படியே இருந்தது.
ஜெசீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்:
"அக்கா, ஒருக்கா திரும்பச் சொல்லுங்க."

ஏணியில் கழிந்த நேரம்
இப்போது காலில் கழிகிறது.
வத்தளையில் சீருடை தைக்கும் ஐந்து பேர்,
கொட்டாஞ்சேனையில் மூன்று,
மத்துகமவில் ஒரே ஒருத்தி.
அவளிடம் பதினேழு மெஷின்.
முற்றத்தில் பிளேன்டீ தந்துவிட்டுக் கேட்டாள்,
இவ்வளவு காலம் ஏன் வரவில்லை?
கடையில் வேலை என்றேன்.
உண்மைதான், வேலை இருந்தது.
டிசம்பருக்கு எண்பது குரோஸ் எழுதித் தந்தாள்.

பிழையும் விட்டேன்.
ரவிக்கைக் கொக்கியைச் சில்லறை என்று தள்ளிவிட்டேன்.
கொக்கிக்கு வந்தவர்கள்தான்
நூலும் லைனிங்கும் வாங்கியவர்கள்
என்று எந்த பில்லிலும் எழுதியிருக்கவில்லை.
வாழைத்தோட்டத்துக்குப் போய்
கிலோவுக்கு விற்றதை எண்ணிக்கைக்கு வாங்கினேன்.
அவர் சிரிக்காமல் எண்ணித் தந்தார்,
அதுவே போதும்.
ஆக, இப்போது பன்னிரண்டு லாச்சி.
எல்லாம் இடுப்பு உயரத்தில்.

வெறும் லாச்சி ஒன்றில் ஜெசீமாவின் சோற்றுப் பெட்டி,
ஒன்றில் குடை, ஒன்றில் போன் சார்ஜர்.
மற்றவை திறந்தால் மர வாசம்.
நெற்றிப் பொத்தான்களை மட்டும் அவிழ்க்கவில்லை.
காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

ஐந்தேகால் ரயிலைப் பிடிக்க முடிகிறது.
நேற்று பம்பலப்பிட்டி தாண்டும்போது
மச்சாள் போன் எடுத்தாள்:
மண்டபம் பார்க்க, சமையல்காரனைப் பேச,
கார்ட் அடிக்க, எல்லாவற்றுக்கும்
நீதான் வரவேணும், உனக்குத்தான் எல்லாம் தெரியும்.
வலப்பக்கம் கடல்.
புதன்கிழமை, என்று வாய் தொடங்கியது.
நிறுத்தினேன்.
கார்ட் மட்டும் நான், என்றேன். மற்றது இல்லை.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை.
வெள்ளவத்தை வரும்வரை
போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.