பதினேழாம் புட்டி

மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசிக்கு.
மிச்ச நாளில் ஒன்று, ஐப்பசி ஞாயிறு,
மழை வரும்போல இருந்தும் வராத பதினோரு மணி.
மண்டபத்துக் கடல் காட்சிக்கூடத்து வாசலில்
ஷேர் ஆட்டோ நின்று
ஆறு பெண்கள் இறங்கினார்கள்.

சீட்டு கிழிப்பவன் நான்.
பெரியவர்களுக்குப் பத்து, பிள்ளைகளுக்கு ஐந்து.
"கடலப் பாக்கக் காசா" என்றாள் ஒருத்தி,
முந்தானை முடிச்சை அவிழ்த்தபடியே.
சில்லறையோடு கொஞ்சம் மணலும் வந்தது.

ராமேஸ்வரம் முடித்து வரும் பஸ் கூட்டம்
ஏழு நிமிஷத்தில் சுற்றிவிட்டுக்
கழிப்பறை எங்கே என்று கேட்கும் இடம் இது.
இவர்கள் முதல் அலமாரியிலேயே நின்றுவிட்டார்கள்.

கிளிமீன்.
ஃபார்மலின் நிறத்தைத் தின்றுவிடும்.
நாலைந்து வருஷம் போனால்
எல்லா மீனும் வடிகஞ்சி.
சீட்டில் மட்டும்
'பச்சையும் நீலமும் கலந்த உடல்'.
ஞானசௌந்தரி
(பேர் அப்புறம்தான் தெரிந்தது)
கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று கேட்டாள்:
"இத எழுதுனவரு
உசுரோட பாத்து எழுதுனாரா, செத்த பொறவா?"
எனக்குத் தெரியாது.
பதினாலு வருஷமாய் அந்தச் சீட்டுக்கு
முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பாசி அறைக்கு யாரும் வருவதில்லை.
அங்கேதான் சிரிப்புச் சத்தம்.
"ஏய், மரிக்கொழுந்துடீ! புட்டிக்குள்ள!"
"இந்தா கட்டக்கோர."
பக்கோடாப் பாசிக்கு முன்னால் ஒருத்தி
கன்னத்தில் போட்டுக்கொண்டாள், கேலிக்கு.
பதினேழாம் புட்டியில் சாய்ந்த எழுத்தில்
வாயில் நுழையாத பெயர்.
இடம்: குருசடைத் தீவு அருகே.
ஆழம்: இரண்டு மீட்டர்.
நாள்: மார்ச், எண்பத்தெட்டு.
சேகரித்தவர்:
அதற்கு நேரே ஒரு கோடு.

"எண்பத்தெட்டுல அந்தப் பக்கம் முங்குனது
எங்கம்மாவும் லூர்து சின்னம்மாவுந்தான்"
என்றாள் ஞானசௌந்தரி.
குறையாகச் சொல்லவில்லை.
"என்ன வெலைக்குக் குடுத்தாகளோ" என்று
கணக்குத்தான் போட்டாள்.

கடைசி அறையில் ஆவுளியா.
பலகை அதைக் கடல்பசு என்கிறது.
அவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.
தோல் இல்லை, சதை இல்லை,
கம்பியில் தொங்கும் எலும்பு.
துடுப்பு இருந்த இடத்தில்
எலும்பாகப் பார்த்தால் கை.
ஐந்து விரல்.
பாறை கிழித்து நகக்கண் வெடித்த தன் வலது கையை
ஞானசௌந்தரி அதற்கு நேரே உயர்த்திப் பிடித்தாள்,
வளையல் அளவு பார்ப்பதுபோல.
தொடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் தொடவில்லை.

"மூச்சு வாங்க மேல வரும்,
மனுசன் மாதிரி. பாத்துருக்கீகளா சார்?"
நான் பரமக்குடிக்காரன்.
கடலில் இடுப்புக்கு மேல் இறங்கியதில்லை.
இல்லை என்றேன்.

போகும்போது கருத்துப் பதிவேட்டை நீட்டினேன்.
'அருமை', 'சூப்பர்',
'குடும்பத்துடன் காண வேண்டிய இடம்',
யாரோ ஒரு பையன் வரைந்த, பல் அதிகமான சுறா.
அவள் நின்றபடியே எழுதி
பேனாவை மூடாமல் தந்தாள்.
ஆட்டோ கிளம்பிய பிறகு படித்தேன்:
'பதினேழாம் புட்டி மூடி லூசா இருக்கு.
தண்ணி வத்துது. நுனி காஞ்சிருச்சு.
இறுக்கவும்.
மின்விசிறியும் ஓடல.'

போய்ப் பார்த்தேன்.
ஒரு விரற்கடை இறங்கியிருந்தது தண்ணீர்.
வெளியே நீண்ட நுனி கறுத்து,
தீக்குச்சித் தலைபோல.
பல்லைக் கடித்துத் திருகினேன்.

பழுதுப் படிவத்தில்
'கண்டறிந்தவர்' என்றொரு கட்டம் உண்டு.
கை பழக்கத்தில் கோடு இழுத்துவிட்டது.
அடித்துவிட்டு, பதிவேட்டைத் திருப்பி
கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
பேர் நீளம். கட்டம் போதவில்லை.

சாயங்கால பஸ்ஸில்
என் கையிலிருந்து ஃபார்மலின் வாடை.
உச்சிப்புளி தாண்டுமுன்
பக்கத்து சீட்டுக்காரர்
மூக்கைச் சுளித்து ஜன்னலைத் திறந்தார்.
அவர் பக்கம்தான் கடல் இருந்தது.