மைனஸ் ஆறு

காலையில் மூன்று முறை கூவியது.
சேவல் இல்லை, மடிக்கணினி.
நீளமாக மூன்று, பிறகு கறுப்பு.

துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி என் கடை.
ஐஸ் லாரி போனால் ஷட்டர் அதிரும்.
கிழக்குக் காற்று வந்தால்
ஸ்டேப்ளர் பின்கூட ஒரே வாரத்தில் பழுப்பு.
இதில் ஒரு மிஷின் பதினைந்து வருஷம் உழைத்ததே அதிகம்,
போர்டு போச்சு மேடம், எடைக்குப் போடுங்க
என்றார் இம்பீரியல் ரோடு ஜலாலுதீன்.
திறந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு அப்படி விட வராது.
ரசீது ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில்
ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று,
மற்றதைத் தொடாதே
என்று எனக்கே எழுதிக்கொண்டேன்.

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி,
பவர் பொத்தானை முப்பது எண்ணும்வரை அழுத்தி
உள்ளே மிச்சமிருந்த மின்சாரத்தைக் கஞ்சிபோல் வடித்தேன்.
மறுபடி மூன்று கூவல்.

வயிற்றைத் திறந்தால்
விசிறியில் கம்பளித் தூசு,
அதில் ஒரு எறும்பின் பாதி,
யாருடைய பாஸ்போர்ட் படத்திலிருந்தோ
வெட்டி விழுந்த நீல ஓரம்.
ராம் அட்டையின் பொன் தேய்ந்த பற்களில்
பச்சைக் களிம்பு.

செம்பும் களிம்பும்போல உயிரும் மலமும்
கூடவே பிறந்தவை என்று
பாடலீசுவரர் கோயில் ஒலிபெருக்கியில் போன மாதம்
ஒருவர் ஒரு மணி நேரம் விளக்கினார்.
இருக்கலாம்.
பள்ளிக்கூட ரப்பரால் நாலு இழுப்பு,
போய்விட்டது.

ஒரு அட்டையை மட்டும் செருகினேன், கூவல்.
அதை எடுத்து மற்றதை, கூவல்.
அதையே பக்கத்துப் பள்ளத்தில்,
வெளிச்சம்.
முதல் அட்டையும் அங்கே நன்றாகத்தான் உட்கார்ந்தது.
ஆள் மேல் குற்றமில்லை, இடம்தான் சரியில்லை
என்று ரசீதில் எழுதி அடிக்கோடிட்டேன்.
பாதி நினைவோடு ஓடும். ஓடட்டும்.

அஞ்சலாட்சி ஒன்பது மணிக்கே வந்து
நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்,
சிங்காரத்தோப்பிலிருந்து,
மீன்கூடையை வாசலில் விட்டு, பையனோடு.
கைவிடப்பட்ட பெண் சான்றிதழ்.
அவள் சொல்லச் சொல்ல மனு அடித்தேன்.
மகன் ரிதுவர்ஷன்,
பிறந்தது இரண்டாயிரத்துப் பதினாறு.
வயதை என் கட்டம் தானே போட்டுக்கொள்ளும்.

மைனஸ் ஆறு என்றது.

நான் இன்னும் பொறக்கவே இல்லையாம்மா?
எட்டிப் பார்த்துக் கேட்டான் பையன்.

உள்ளே ஒரு பொட்டு பேட்டரி உண்டு,
சட்டைப் பொத்தான் அளவு.
எல்லாம் அணைந்து கிடக்கும்போது
தேதியைப் பிடித்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.
அது செத்திருக்கிறது.
திரையின் மூலையில்
ஒன்று, ஒன்று, இரண்டாயிரத்துப் பத்து,
வெள்ளிக்கிழமை.

இதுல இப்ப பத்தாம் வருஷம் நடக்குது என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. விரல் மடக்கினாள்.
அப்ப எனக்குக் கல்யாணமே ஆவல.
ஐஸ் கம்பெனியில வேல.
சைக்கிள் வச்சிருந்தேன்.

தேதியைத் திருத்தப் போன கையைப் பார்த்து,
அப்புடியே இருக்கட்டும் கொஞ்சம்,
டீ குடிச்சிட்டு மாத்து.

எதிர்க்கடை டீ வந்தது.
ஆற்றி ஆற்றி, மெதுவாகக் குடித்தாள்.
விசிறி கரகரத்தது.
பையன் மேசைக்கடியில் ஊர்ந்துபோய்
ஒரு திருகை எடுத்துவந்தான்.
இது எங்கக்கா?

தெரியவில்லை.

காலித் தம்ளரை வைத்தாள். மாத்து.

அம்புக்குறியை வருஷத்துக்கு ஒரு தட்டு.
எண் ஏறியபோது அவள் தெருவைப் பார்த்தாள்.
பன்னிரண்டில் ஒருமுறை கை நழுவி
இரண்டு தடவை அழுத்திவிட்டேன்,
பின்னால் போகாமல் அப்படியே மேலே போனேன்.
கட்டம் ஒன்பது என்றது.

முப்பத்தைந்து ரூபாய் பேட்டரி வாங்கும்வரை
இதை அணைக்கக் கூடாது.

அறுபது ரூபாய் கொடுத்து ரசீது கேட்டாள்.
கையில் கிடைத்ததில் பெயர் எழுதிக் கொடுத்தேன்.
நாலாக மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு
கூடையைத் தூக்கினாள்.

அடிக்கோடிட்டது எதில் என்று
மதியம் தேடும்போதுதான் உறைத்தது.
திருகு மட்டும் மேசைமேல் இருந்தது.