சாயாதே

அறுபத்துநான்கு கிலோ.
பெயர் கேப்லின். ஜூன் மாதம் எங்கள் தீவின் கரையில்
அலையோடு புரண்டு வரும் சாண் நீள மீன்.
குட்டியில் வைத்தது. அப்போது பொருந்தியது.

கார்னர் புரூக்கில் பனி வாரும் லாரி ஓட்டுகிறேன்.
விடிந்து வீடு வந்ததும்
வேண்டுமென்றே சாமான்களைக் கீழே போடுவேன்.
முதல் நாள் கரண்டி. மறுநாள் தட்டு.
மூன்றாம் வாரம் தம்பி எல்ராயின் ஊன்றுகோல்,
இனி அவனுக்குத் தேவைப்படாதது.
கேப்லின் காதை மட்டும் திருப்பும்.
பிறகு அதுவும் இல்லை.
கீழ்வீட்டு டெல்ஃபின்தான்
துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள்.

தரையெல்லாம் மாத்திரைகள்
(புதினா மிட்டாய்தான்).
விடு என்றால் விட்டுவிடும்.
எச்சில் விடுமா?
கயிறு கயிறாக இறங்கி
மிட்டாயை நின்ற இடத்திலேயே கரைக்கும்.
அதன் கழுத்தில் துண்டு, என் பையில் துண்டு,
லாரியில் இன்னும் நாலு.

உயரமான நாய்க்குக் கட்டில் ஒரு வசதி.
தாவ வேண்டாம்,
மோவாயை விளிம்பில் வைத்தால் போதும்.
இதற்கே ஒரு குளிர்காலம் போனது.
பாதத்தை மட்டும் வைக்கக் கூடாது.
அங்கே சிலருக்குத் தோல்
நனைந்த செய்தித்தாள் என்றார்
தேர்வாளர் ரோவீனா ஷெப்பர்ட்.

சாயாமல் நிற்பதுதான் பெரும்பாடு.
இந்த இனம் அன்பு வந்தால் சாயும்,
பழைய சுவர்போல், அவசரமில்லாமல்,
முழு எடையோடு.
நடைவண்டி பிடித்த ஒருவர்மேல் சாய்ந்தால்
இடுப்பெலும்பு போச்சு.
சாய வரும்போதெல்லாம் ஓரடி விலகினேன்.
காற்றில் தள்ளாடி நின்று
என்னைப் பார்க்கும்.
அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை,
பிஸ்கட் இருந்தது.

முதல் தேர்வில் தோற்றோம்.
சக்கர நாற்காலி, உருளும் தள்ளுவண்டி,
முகத்துக்கு நேரே கத்திய ஆள்,
எதற்கும் அது அசையவில்லை.
ரோவீனா தாளைத் திருப்பினார்.
பின்பக்கம் எனக்காம்.
“வார் முழுநேரமும் இறுகியே இருந்தது.
உங்கள் கை பயந்தால் அதன் கழுத்துக்குத் தெரியும்.”

நான்காம் மாடி.
கடைசியாக அங்கே போனபோது
என்னோடு நாய் இல்லை.

வசந்தம் முழுக்கப் பயிற்சி எனக்கு.
வாருக்குப் பதில் ஒற்றைக் கம்பளி நூல்.
ஆஸ்பத்திரி வாசல்வரை, திரும்பு.
லிஃப்ட்வரை, திரும்பு.
அறுந்தது. முடிச்சுப் போட்டேன்.
அறுந்தது.
கடைசியில் நூலைவிட முடிச்சுகள் அதிகம்.

ஜூனில் அட்டை கிடைத்தது. படத்தில்
அதற்கு எச்சில், எனக்குக் கண்மூடல்.

முதல் கட்டிலில் ஒரு முதியவர், அம்ப்ரோஸ்.
மோவாய் விளிம்பில் வந்து அமர்ந்தது.
ஒரு விரலால் நெற்றியைத் தொட்டார்,
“எவ்வளவு எடை?” என்றார். சொன்னேன்.
“நான் இப்போ அதைவிடக் குறைவு,” என்று சிரித்தார்.
வார் தொங்கியே இருந்தது.
எல்ராயின் அறைக் கதவையும் அப்படியே கடந்தோம்.

லிஃப்டில் நாங்கள் மட்டும்.
கேப்லின் மெல்ல என் பக்கம் சரிந்தது.
விலகவில்லை.
நானும் என் எடையைக் கொஞ்சம்
அதன்மேல் வைத்தேன்.

இரண்டாம் மாடியில் கதவு திறந்தது.
யாரோ ஒரு நர்ஸ்.

இருவரும் சட்டென்று
நேராக நின்றோம்.